வசனம் எழுதாமல் எடுத்த ‘திஸ் இஸ் ஸ்பைனல் டாப்’

ஸ்பைனல் டாப் என்ற கற்பனை ராக் இசைக்குழுவைப் பற்றி 1984-இல் ராப் ரைனர் இயக்கிய இந்தப் போலி ஆவணப்படத்துக்கு வசனத்தாள் கிடையாது. திரைக்கதை எழுதத் தந்த பணத்தில் சுமார் 20 நிமிட மாதிரிப் படமே எடுத்துக் காட்டினார்கள். எழுத்தில் விளக்க முடியாத நகைச்சுவைக்கு அதுதான் சரியான வழி.

வசனம் இல்லையே தவிர, தயாரிப்பு கெட்டியானது. ஒவ்வொரு காட்சியிலும் என்ன நடக்க வேண்டும் என்ற குறிப்பு இருந்தது. அந்தக் கற்பனை இசைக்குழுவுக்கு முழு வரலாறு இருந்தது: பழைய பெயர்கள், பழைய பாடல்கள், வரிசையாக இறந்துபோன டிரம்மர்கள். இது மனப்பாடமாக இருந்தால்தான் கேள்வி எங்கிருந்து வந்தாலும் நடிகர் தடுமாறாமல் பதில் சொல்வார். குழுவினராக நடித்த கிறிஸ்டோபர் கெஸ்ட், மைக்கேல் மெக்கீன், ஹாரி ஷியரர் மூவரும் நிஜமாகவே வாசித்துப் பாடியவர்கள். மேடைக் காட்சிகள் பொய்யாகத் தெரியாததற்கு அதுவே காரணம்.

சிக்கல் எடிட்டிங்கில்தான். ஒரே காட்சியை மறுமுறை எடுத்தால் பேச்சு மாறிவிடும். இரண்டு டேக்கை ஒட்டினால் பொருந்தாது. கையில் பிடித்த கேமரா, நடுவே செருகும் பேட்டி, கேட்பவர் முகம் ஆகியவைதான் அந்த வெட்டுகளை மறைக்கின்றன. மலைபோல் குவிந்த ஃபிலிமிலிருந்து 82 நிமிடம் மிஞ்சியது.

இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் மாதிரி மேடைக்கு வரும் காட்சியைக் கவனியுங்கள். 18 அடி என்பதற்குப் பதில் 18 அங்குலம் என்று குறித்ததால் மேடையில் முழங்கால் உயரக் கல் இறங்குகிறது. யாரும் சிரிப்பதில்லை, அந்த முகங்கள்தான் காட்சியின் உயிர்.

திரையரங்கில் சுமாராக ஓடிய படம், வீடியோ கேசட் வந்தபின் ரசிகர்களைச் சேர்த்தது. 2002-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.