ஏப்ரல் வந்தால் லக்ராஸ் வழக்கு

அமெரிக்காவில் பால்டிமோர் பக்கமோ லாங் ஐலண்டிலோ சிரக்யூஸிலோ வேலை கிடைத்துக் குடிவந்த நம்மவர்களுக்கு, முதல் வசந்தத்திலேயே ஒரு புதுக் காட்சி கண்ணில் படும். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் நுனியில் வலை கட்டிய கம்போடு ஓடிக்கொண்டிருப்பார்கள். பெற்றோர் மடக்கு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருப்பார்கள். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் காபி மெஷின் அருகே வாதம் சூடாக நடக்கும்: "அவங்க ஆறு மேட்ச் தொடர்ந்து ஜெயிச்சிருக்காங்க, எப்படி வெளியே விடுவாங்க?" "ஆர்பிஐ பாரு, உள்ளே வரவே முடியாது." ஆட்ட விதிகளை ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். கல்லூரி அணிகளை எப்படி வரிசைப்படுத்தி, சீசன் இறுதிச் சாம்பியன்ஷிப்புக்கு யாரை உள்ளே எடுக்கிறார்கள் என்பதும், ஆர்பிஐ என்ற அந்தத் தர எண்ணும் பிடிபடத்தான் நாளாகும். இந்தக் கட்டுரை அதற்காக.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹொடனோஷோனி மக்களின் விளையாட்டு லக்ராஸ். சிரக்யூஸ் நகரத்தை ஒட்டியே ஒனொண்டாகா தேசத்தாரின் நிலம் இருக்கிறது. அவர்களுக்கு இது வழிபாட்டோடும் சேர்ந்தது. கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பக்கம் 10 பேர், 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி, 6 அடிக்கு 6 அடி கோல். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1-இல் எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள் உண்டு. சீசன் பிப்ரவரிக் குளிரில் தொடங்கி, மே கடைசியில் மெமோரியல் டே திங்கட்கிழமை இறுதி ஆட்டத்தோடு முடியும். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் சாம்பியன்ஷிப் 1971-இல் தொடங்கியது. முதல் ஆண்டு மேரிலாண்டை வென்று கோப்பையை எடுத்தது கார்னெல். 2025-இல் மறுபடி அதே கார்னெல், அதே மேரிலாண்டை 13-10 என்று வென்றது.

ஐபிஎல் புள்ளிப் பட்டியல் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். ஐபிஎல்லில் 10 அணிகள், ஆளுக்கு 14 ஆட்டம், வெற்றிக்கு 2 புள்ளி. சமமாக வந்தால் நெட் ரன் ரேட் பார்த்து முடித்துவிடலாம். லக்ராஸில் ஓர் அணி மொத்தமே 12 முதல் 15 ஆட்டம்தான் ஆடும். எழுபது அணிகளில் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றை அது சந்திப்பதே இல்லை. யாரோடு ஆடுவது என்பதில் பாதியை கான்ஃபரன்ஸ், அதாவது கல்லூரிகள் சேர்ந்து அமைத்த குழுமம் தீர்மானிக்கிறது, மீதியைப் பயிற்சியாளர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்கிறார். ஆகவே 12 வெற்றி, 2 தோல்வி, அதாவது 12-2 என்ற கணக்கு 10-4 என்ற கணக்கைவிட மேல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. வாதம் முழுக்க இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

சீசன் முழுக்க இரண்டு வகை வரிசைகள் சுற்றிக்கொண்டிருக்கும், இரண்டையும் குழப்பக்கூடாது. ஒன்று வாரா வாரம் வரும் வாக்கெடுப்பு. பயிற்சியாளர்கள் போடுவது தனி, பத்திரிகையாளர்கள் போடுவது தனி. இரண்டிலும் 20 அணிகள் வரும். இதில் பழைய இடம் ஒட்டிக்கொள்ளும். பிப்ரவரியில் 3-ஆம் இடத்தில் வைத்த அணியை, அது தோற்கிறவரை யாரும் கீழே இறக்குவதில்லை. தோற்றால் யாரிடம் தோற்றது என்று பார்க்காமல் நான்கு இடம் இறக்குகிறார்கள். மற்றது என்சிஏஏ தேர்வுக் குழுவின் கணக்கு. மே மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழு பட்டியலை அறிவிக்கும்போது, வாக்கெடுப்பு அவர்கள் விதிகளில் ஓர் அளவுகோலே கிடையாது. டிவியில் அணிப் பெயருக்கு முன்னால் போடுகிற சின்ன எண்ணை வைத்து "இவர்கள் நிச்சயம் உள்ளே" என்று சொல்கிறவர் தவறான காகிதத்தைப் படிக்கிறார்.

குழு முதலில் எடுப்பது ஆர்பிஐ, அதாவது ரேட்டிங் பர்சன்டேஜ் இண்டெக்ஸ். மூன்று எண்களின் கலவை அது: அணியின் சொந்த வெற்றி விகிதம் 25 சதவீதம், எதிரணிகளின் வெற்றி விகிதம் 50 சதவீதம், அந்த எதிரணிகளின் எதிரணிகளது விகிதம் 25 சதவீதம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் குணம் புரியும்.

அ அணி 10-4. விகிதம் 0.714. எதிரணிகளின் சராசரி 0.550, அடுத்த அடுக்கு 0.520 என்று வைப்போம். கால் பங்கு 0.1785, அரைப் பங்கு 0.275, கால் பங்கு 0.130, கூட்டினால் 0.5835. ஆ அணி 12-2, விகிதம் 0.857. அவர்கள் எளிய அணிகளோடு ஆடியவர்கள், எதிரணிகள் 0.450, அடுத்த அடுக்கு 0.480. கூட்டினால் 0.559. இரண்டு வெற்றி கூடுதலாக இருந்தும் ஆ அணி கீழே நிற்கிறது. இதுவரை நியாயம் என்றே சொல்லலாம்.

இப்போது அ அணி, 2-11 என்று கிடக்கும் ஓர் அணியோடு 15-ஆவது ஆட்டம் ஆடி ஜெயிக்கிறது. சொந்த விகிதம் 0.733 ஆக ஏறுகிறது. எதிரணிகளின் சராசரியோ 0.550-இலிருந்து ஏறக்குறைய 0.524-க்கு இறங்குகிறது. மூன்றாம் எண் மாறவில்லை என்று வைத்தால் மொத்தம் 0.575. ஜெயித்ததற்காக அணி கீழே போகிறது! ஆட்டத்தை ரத்து செய்திருந்தால் மேலே இருந்திருக்கும். இது சூத்திரத்தின் அடிப்படைக் கோளாறு, எந்தச் சமாதானமும் இதை மூடாது. டிவிஷன் 3-இல் இப்போது வைத்திருக்கும் என்பிஐ என்ற மாற்றுத் தரவரிசை முறையில், எண்ணைக் குறைக்கும் வெற்றியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். இந்த ஒரு திருத்தமாவது டிவிஷன் 1-க்கு வரவேண்டும்.

ஆர்பிஐயில் எத்தனை கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்பது வராது, எப்போது ஜெயித்தார்கள் என்பதும் வராது. அந்த எண்ணை வைத்துக் குழு அடுத்த கேள்விகளுக்குப் போகிறது: ஆர்பிஐயில் முதல் 5 அணிகளை எத்தனை முறை வென்றார்கள், 6 முதல் 10 வரை எப்படி, 11 முதல் 15, 16 முதல் 20, 21-க்குக் கீழே தோல்வி உண்டா, நேருக்கு நேர் யார் வென்றது, இருவரும் ஆடிய பொது எதிரணிகளிடம் என்ன ஆனது. பிசகு எங்கே என்றால், நல்ல வெற்றி எது, மோசமான தோல்வி எது என்று பிரிக்கிற தராசும் அதே ஆர்பிஐதான். தராசில் கோணல் இருந்தால் அது எல்லாத் தட்டிலும் ஏறும்.

புதிதாக வந்தவர்கள் தவறவிடுகிற முக்கியமான விஷயம் இன்னொன்று. ஏப்ரலில் பெரும்பாலும் கான்ஃபரன்ஸுக்குள்ளேதான் ஆட்டம். ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றாக வேண்டும். கான்ஃபரன்ஸ் மொத்தமும் சேர்ந்து பார்த்தால் விகிதம் எப்போதும் சரிபாதிதான். ஆகவே ஒரு கான்ஃபரன்ஸின் ஆர்பிஐ உயரத்தை வெளியாட்களோடு பிப்ரவரி, மார்ச்சில் ஆடிய ஆட்டங்களே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன. ஏப்ரலில் அந்த உயரத்துக்குள் இடம் மாற்றிக்கொள்வது மட்டும் நடக்கிறது. ஏப்ரல் கடைசியில் "இப்போது நன்றாக ஆடுகிறார்கள்" என்று வாதாடுகிறவர், பிப்ரவரிப் பனியில் முடிந்துபோன வழக்குக்கு இப்போது சாட்சி சொல்கிறார்.

2022-இல் நடந்தது இதுதான். நோட்ர டேம் 8-4. முதல் ஆறு ஆட்டத்தில் நான்கு தோல்வி, பிறகு தொடர்ச்சியாக ஆறு வெற்றி. வாக்கெடுப்பில் முதல் பத்துக்குள் இருந்தார்கள். அந்த ஆண்டு சாம்பியன்ஷிப்பில் 18 அணிகள். அதில் 10 இடம் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்குத் தானாகப் போய்விட்டது. மிச்சம் 8 இடம், இங்கே அதை அட்-லார்ஜ் என்பார்கள். அந்த எட்டில் ஐந்து ஐவி லீக் என்ற கான்ஃபரன்ஸுக்குப் போனது. பென் சாம்பியனாக வந்ததையும் சேர்த்தால், லக்ராஸ் ஆடும் ஏழு ஐவி அணிகளில் ஆறு உள்ளே. காலங்காலமாகப் பெரிய கான்ஃபரன்ஸான ஏசிசியிலிருந்து வர்ஜீனியா மட்டும். அதே ஏசிசியைச் சேர்ந்த நோட்ர டேமுக்குக் கதவு மூடப்பட்டது. கொந்தளிப்பு அடங்க வாரங்கள் ஆயின.

குழு விதிப்படிதான் நடந்தது. ஓஹயோ ஸ்டேட்டுக்கு இடம் கொடுத்தார்கள் என்று கோபப்பட்டவர்கள், அதே சீசனில் ஓஹயோ ஸ்டேட் நோட்ர டேமை நேருக்கு நேர் வென்றிருந்ததை மறந்துவிட்டார்கள். நேரடி ஆட்டத்தின் முடிவை ஒதுக்கிவைத்தால், அப்புறம் எதற்கு மைதானத்தில் இறங்கி ஆடுவது? அதே சமயம் நோட்ர டேம் பின்பாதியில் வென்ற அணிகளில் பெரும்பாலானவை ஏசிசியைச் சேர்ந்தவை. கான்ஃபரன்ஸே அந்த ஆண்டு தாழ்ந்து கிடந்ததால், அந்த வெற்றிகளுக்குத் தராசில் எடை ஏறவில்லை. எடை குறைவாகக் காட்டியது சூத்திரம். குழு செய்ததைக் குறை சொல்வதைவிடச் சூத்திரத்தைத் திருத்தச் சொல்வதே சரியான வாதம். அதே நோட்ர டேம் 2023-இலும் 2024-இலும் கோப்பையை வென்றது. அதை வைத்து 2022 முடிவு தவறு என்று நிரூபிக்கவும் முடியாது. அது வேறு ஆண்டு, வேறு ஆட்டங்கள்.

வரிசை போடுகிறவர் முதலில் எந்தக் கேள்விக்குப் பதில் என்று முடிவு செய்யவேண்டும். நாளை ஆடினால் யார் ஜெயிப்பார் என்பது ஒரு கேள்வி. இதுவரை யார் அதிகம் சம்பாதித்தார் என்பது வேறு. இடம் கொடுப்பதற்கு இரண்டாவதுதான் நியாயம். முதல் கேள்விக்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது: 2016-இல் குழு போடும் வரிசை எண்ணான தரநிலை எதுவும் பெறாமல் 8-6 என்று நுழைந்த நார்த் கரோலைனா, முதல் தரநிலையில் இருந்த மேரிலாண்டைக் கூடுதல் நேரத்தில் 14-13 என்று வென்று சாம்பியன் ஆனது. 2022-இல் முன்சுற்று ஆடி உள்ளே வந்த டெலவேர், இரண்டாம் தரநிலை ஜார்ஜ்டவுனை வெளியே அனுப்பியது. மறுபக்கம் 2022, 2024, 2025 மூன்று ஆண்டிலும் முதல் தரநிலை அணிதான் கோப்பையை எடுத்தது. ஒரு ஒற்றை ஆட்டத்தின் முடிவை எந்த எண்ணும் முன்கூட்டிச் சொல்லாது.

கோல் வித்தியாசத்தை நம்புகிறவர்களுக்கு ஃபேஸ்-ஆஃப் பார்க்கச் சொல்லவேண்டும். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவில் இருவர் தவழ்கிற மாதிரி குனிந்து, கம்புகளைத் தரையோடு கிடத்தி, வலைத்தலைகள் இரண்டுக்கும் இடையே பந்து. விசில் ஊதியதும் மணிக்கட்டைத் திருப்பிப் பந்தை யார் முதலில் கவ்வுகிறாரோ அவர் அணிக்கே தாக்குதல். கோல் போட்ட அணியே மறுபடி பந்தைப் பெறலாம். இந்த வேலைக்கென்றே ஒருவர் இருப்பார். பந்தை எடுத்ததும் வெளியே ஓடிவிடுவார். அவர் பத்துக்கு ஏழு வென்றால் நான்கு நிமிடத்தில் ஐந்து கோல் ஏறிவிடும். அவருக்கு முழங்கால் அடிபட்டால் அதே அணி அடுத்த வாரம் வேறு அணி. 14-6 என்ற முடிவு எட்டு கோல் திறமை வித்தியாசம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். வித்தியாசத்தைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் ஐந்து, ஆறு கோலோடு வெட்டிவிடுங்கள். அதற்கு மேல் மாற்று ஆட்டக்காரர்கள் ஆடிய நேரம்.

வீட்டில் சொந்தமாக வரிசை போட எக்செல் போதும். ஒவ்வொரு அணிக்கும் ஒரு வரி. முதலில் எல்லா ஆட்ட முடிவுகளையும் சொந்த மைதானம், வெளி மைதானம், பொது மைதானம் என்ற குறிப்போடு இறக்கவும். பிறகு பிராட்லி-டெரி முறையில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு பலம்-எண் கொடுக்கவேண்டும். எல்லோருக்கும் 1 என்று தொடங்கலாம். இரு அணி மோதினால் எதிர்பார்க்கும் வெற்றி என்பது, தன் எண்ணை இருவர் எண்களின் கூட்டலால் வகுத்தது. எதிர்பார்த்த மொத்த வெற்றியும் உண்மையான வெற்றியும் பொருந்தாவிட்டால், உண்மையை எதிர்பார்த்ததால் வகுத்துப் பலத்தைப் பெருக்கவும். எண்கள் அசையாமல் நிற்கிறவரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். சில நூறு சுற்று ஆகலாம். இதில் பலவீனமான அணியை வென்றதற்காக யாரும் கீழே இறங்க மாட்டார்கள். ஒரே எச்சரிக்கை: தோல்வியே காணாத அணியின் எண் முடிவில்லாமல் ஏறும். அதற்கு எல்லோருக்கும் ஒரு கற்பனை அணியோடு ஒரு வெற்றி, ஒரு தோல்வி சேர்த்துவிடுங்கள். மார்ச் கடைசிக்கு முன் இந்த எண்ணை நம்பவேண்டாம். கான்ஃபரன்ஸ்களை இணைக்கும் ஆட்டங்கள் அதுவரை போதாது.

எண் வந்தபின் கண்ணால் பார்க்கவேண்டிய இடம், உள்ளே வருமா வராதா என்ற விளிம்பில் நிற்கும் கடைசி ஆறேழு அணிகள் மட்டுமே. அங்கே முதலில் நேரடி ஆட்டம், அடுத்து பொது எதிரணிகள், அப்புறம்தான் மற்றதெல்லாம். "அ ஆவை வென்றது, ஆ இயை வென்றது, ஆகவே அ மேல்" என்ற சங்கிலியை மட்டும் பிடிக்காதீர்கள். சீசன் முடிவில் அந்தச் சங்கிலி வட்டமாகி எல்லோரும் எல்லோரையும் வென்றவர்கள் ஆகிவிடுவார்கள்.

தேர்வு ஞாயிறுக்கு முந்தைய மூன்று நாள் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டங்களைப் பாருங்கள். எப்படியும் உள்ளே வரக்கூடிய பெரிய அணி ஒன்று இறுதியில் தோற்றால், வென்றவருக்குத் தானாக ஓர் இடம். தோற்றவர் அட்-லார்ஜ் இடம் ஒன்றை எடுத்துக்கொள்வார். நூறு மைல் தள்ளி வீட்டில் உட்கார்ந்திருக்கும் கடைசி அணிக்கு அந்த நிமிடமே சீசன் முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தனக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு அணிகளின் ஆட்டத்தை நகம் கடித்துக்கொண்டு பார்த்தால் காரணம் இதுதான். அவரிடம் எந்த அணி ஜெயிக்க வேண்டும் என்று கேளுங்கள். அரை மணி நேரம் விளக்குவார்.