சாவி கொடுக்கும் வாட்ச், 6.1 மி.மீ. கனத்தில்

அப்பாவின் டைட்டன் எட்ஜைக் கழற்றிக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஏக்கம் வரும். ஓசூர்க் கம்பெனியின் வாட்ச், மொத்தக் கனமே 3.5 மி.மீ. ஆனால் அது பேட்டரியில் ஓடுவது. சாவி கொடுத்து ஓடும் வாட்ச் ஒன்றை எவ்வளவு மெலிதாக என் கையாலேயே பூட்ட முடியும் என்று பார்க்க ஆசை. இந்த வருஷம் இறங்கிவிட்டேன்.

உள்ளே ஓடும் மெஷின் எது என்பதில் குழப்பமே இல்லை. சுவிட்சர்லாந்தின் பெஸோ 7001. தேய்மானத்தைக் குறைக்க அச்சுகளைத் தாங்கும் 17 கல், 23.3 மி.மீ. அகலம், 2.5 மி.மீ. கனம். ஜெர்மனியின் நோமோஸ் கம்பெனி ஆரம்ப காலத்தில் இதைத்தான் தன் வாட்சுகளில் வைத்தது. சுவிஸ் கம்பெனியான பியாஜே 1957-லேயே 2 மி.மீ.யில் 9பி என்ற மெஷினைக் கொண்டுவந்துவிட்டது, ஆனால் அதெல்லாம் என் கைக்கு எட்டாது.

பழைய 7001 ஒன்றைப் பிரித்து, கழுவி, எண்ணெய் வைத்துப் பூட்டினேன். அந்த வேலை ஒழுங்காகவே முடிந்தது. கேஸில் போட்டு, கனம் அளக்கும் வெர்னியரில் பிடித்தால் 6.9 மி.மீ. மேலே இருந்த குவிந்த கண்ணாடியை எடுத்துவிட்டு 1 மி.மீ. தட்டைக் கண்ணாடி போட்டேன். இப்போது கணக்கு இப்படி: பின்மூடி 0.8, மூடிக்கும் மெஷினுக்கும் நடுவே 0.2, மெஷின் 2.5, டயல் 0.4, முட்களுக்கான இடம் 1.2, கண்ணாடி 1.0. மொத்தம் 6.1.

அந்த 1.2-க்குள் மூன்று முள் இருக்க வேண்டும். நிமிஷ முள் கண்ணாடியில் உரசியதால் அதையும் மணி முள்ளையும் கொஞ்சம் இறக்கினேன். அன்றிலிருந்து வாட்ச் நிற்க ஆரம்பித்தது. எண்ணெய் அதிகமாகிவிட்டதோ என்று திரும்பப் பிரித்துக் கழுவினேன். சாவி கொடுத்தால் இறுகும் மெயின் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டேன். இரண்டு வாரம் இப்படியே போனது. அப்புறம்தான், நின்ற நேரங்களைக் குறித்து வைத்த தாளைப் பார்த்தபோது புரிந்தது. எல்லாமே ஆறு மணியை ஒட்டி! இந்த மெஷினில் வினாடி முள் தனியாக 6-க்கு மேலே சின்ன வட்டத்தில் சுற்றும். மணி முள் அதைக் கடக்கும்போது, அதன் அடிப்பக்கம் வினாடி முள்ளின் நடுக்குமிழில் உட்கார்ந்துவிடுகிறது. லூப் என்ற பூதக்கண்ணாடியை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், குமிழின் தலையில் பளபளவென்று ஒரு சின்னத் தேய்மானம்.

மெலிவு என்றால் பாகங்களை மெலிதாக்குவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் காற்றில்தான் முழு வேலையும் இருக்கிறது. 2014-இல் பியாஜேயின் 900பி என்ற மெலிந்த வாட்ச் ஏன் அவ்வளவு கொண்டாடப்பட்டது என்று அப்போதுதான் உறைத்தது. அதில் பின்மூடியே மெஷினின் அடித்தட்டு. மூடிக்கும் மெஷினுக்கும் நடுவே இடைவெளி என்ற பேச்சே இல்லை. அந்த வழியில் போய்த்தான் 2018-இல் 2 மி.மீ. வாட்சையே காட்டினார்கள். 2022-இல் புல்கரி கம்பெனி 1.80 மி.மீ. வாட்ச், சில மாதத்திலேயே ரிச்சர்ட் மில் கம்பெனி 1.75 மி.மீ.

என் மூடியிலும் 0.1 எடுக்கலாமா என்று யோசித்தேன். வாட்ச் ஓடும் சத்தத்தைக் கேட்டு அதன் ஓட்டத்தைக் கோடாகக் காட்டும் டைம்கிராஃபரில் வைத்து மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினேன், நேராக ஓடிய கோடு சிதறிவிட்டது. இப்போதே அது வளைந்து மெஷினைத் தொடுகிறது. அதனால் மூடியில் கை வைக்கவில்லை. பியாஜே அந்த 2 மி.மீ. வாட்சுக்குத் தங்கத்தை விட்டுக் கோபால்ட் கலவைக்குப் போனதும் இந்த வளைவுக்குப் பயந்துதான்.

வினாடி முள்ளைக் கழற்றி, டயல்மேல் தாள் வைத்து, ஒரு மயிரிழை கீழே இறக்கினேன். சாதாரண வெள்ளைத்தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. மணி முள்ளுக்கும் குமிழுக்கும் நடுவே அதில் ஒரு துண்டு தடையில்லாமல் நுழைகிறது, இரண்டு நுழையவில்லை.

இன்று காலை ஐந்தரைக்கே எழுந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி முள் குமிழுக்கு மேலே வந்தது, வினாடி முள் கீழே சுற்றிக்கொண்டே இருந்தது. ஆறே கால் வரை பார்த்தேன். நிற்கவில்லை.