ஆல்புகெர்க்கி பலூன் திருவிழாவில் ஆர்.வி. முகாம்: முதலில் பேட்டரியைப் பாருங்கள்

நியூ மெக்சிகோ மாநிலம் ஆல்புகெர்க்கியில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் தொடக்கத்தில் 9 நாள் நடக்கும் வெப்பக்காற்று பலூன் திருவிழா, 1972-இல் ஒரு வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் 13 பலூன்களோடு ஆரம்பமானது. இப்போது 500-க்கும் மேல் வருகின்றன. மைதானத்தை ஒட்டி ஆர்.வி.யில், அதாவது படுக்கை, சமையல், கழிப்பறை வசதியுள்ள வண்டியில், தங்குபவர்களுக்குக் கிடைக்கும் பெரிய வசதி, விடியுமுன் சாலையில் நீளும் வண்டி வரிசையில் மாட்டாமல் நடந்தோ ஷட்டில் பேருந்திலோ போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதுதான். ஆனால் பெரும்பாலான இடங்களில் மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், கழிவு இணைப்பு எதுவும் கிடையாது. அங்கே திண்டாடுபவர்களில் பாதிப்பேர் திண்டாடுவது பேட்டரியால்தான் என்பேன்.

காரணம் அந்த இடத்தின் காற்று. இரவில் குளிர்ந்த கனமான காற்று சரிவுகளில் இறங்கி ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு வழியே வடக்கிலிருந்து தெற்கே நகரும். அதற்கு மேலே காற்று எதிர்த்திசையில், தெற்கிலிருந்து வடக்கே வீசும். கீழே இருக்கும்போது தெற்கே போய், உயர ஏறி வடக்கே திரும்பி, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்க முடிகிற இந்த அமைப்பைத்தான் பலூன்காரர்கள் 'பாக்ஸ்' என்கிறார்கள். எல்லா நாளும் அது அமைவதில்லை. அமைகிற நாளில் அதே குளிர்காற்று உங்கள் வண்டியையும் சூழ்ந்திருக்கும். பகலில் 21 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை போகும் வெப்பம் விடியற்காலையில் 5 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வண்டியின் உள்ளே சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் அதிகம் ஓடுவதும் அப்போதுதான், அமைதி நேரம் என்று ஜெனரேட்டரை நிறுத்தி வைத்திருப்பதும் அப்போதுதான்.

கணக்கைப் பாருங்கள். புரோப்பேன் ஃபர்னஸின் விசிறிக்கு 12 வோல்ட்டில் 7, 8 ஆம்ப்பியர் வேண்டும். இரவு 9 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓடினாலும் சுமார் 24 ஆம்ப்பியர்-மணி (1 ஆம்ப்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் 1 ஆம்ப்பியர்-மணி). கேஸ் கசிவு அலாரம், ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை போன்றவை நாம் கவனிக்காமலே தொடர்ந்து இழுப்பது 1 ஆம்ப்பியர் என்றால், சாயங்காலம் முதல் காலை வரை 12. விளக்கு, தண்ணீர் பம்ப், போன் சார்ஜ் இன்னொரு 15. ஆக 50-ஐத் தாண்டுகிறது. 100 ஆம்ப்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் கெடுக்காமல் எடுக்கக்கூடியதே பாதி, அதாவது 50. பழைய பேட்டரியென்றால் அதுவும் இல்லை. லெட்-ஆசிட்டில் இரண்டு இல்லாமல் போகாதீர்கள்.

பற்றாக்குறை தெரிய வருவது பெரும்பாலும் விடியற்காலை 4 மணி வாக்கில். ஃபர்னஸ் விசிறி சுற்றும், வருவதோ குளிர்ந்த காற்று. கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பலர் இருட்டில் சிலிண்டரை மாற்றுகிறார்கள். உண்மையில் வோல்ட்டேஜ் இறங்கியதால் விசிறி போதிய வேகம் எடுப்பதில்லை. காற்றின் தள்ளலில் மூட வேண்டிய 'செயில் ஸ்விட்ச்' மூடாததால் பர்னர் பற்றுவதே இல்லை. சிலிண்டரைத் தொடுமுன் வோல்ட் மீட்டரைப் பாருங்கள். கேஸ் அவ்வளவு சீக்கிரம் தீராது: 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பி.டி.யு. (வெப்ப அளவு) இருக்கிறது. மணிக்கு 30,000 பி.டி.யு. எரிக்கும் ஃபர்னஸை நிற்காமல் எரித்தாலே 14 மணி நேரம் வரும். விட்டுவிட்டு எரிவதால் நான்கைந்து இரவுகள் தாங்கும்.

சார்ஜ் ஏற்ற நல்ல நேரம் காலைப் பறப்பு முடிந்த உடனே. காலியான பேட்டரிதான் மின்சாரத்தை வேகமாக வாங்கும். 80 சதவீதத்துக்கு மேல் லெட்-ஆசிட் மெதுவாகத்தான் ஏறும். காலை 10 மணிக்கு ஜெனரேட்டரை இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு மீதியைச் சோலாருக்கு விடுவது பெட்ரோலை மிச்சப்படுத்தும். கூரையில் படுக்கையாக இருக்கும் 200 வாட் பலகை அக்டோபர் வெயிலில் ஒரு தெளிந்த நாளுக்கு 50 ஆம்ப்பியர்-மணி அளவுக்குத் தரும்.

மைதானம் ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் இருப்பதையும் மறக்கக்கூடாது. காற்று மெலிந்திருப்பதால் ஜெனரேட்டர் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் 3 சதவீதத்துக்கும் சற்று அதிகமாகச் சக்தி இழக்கும். 2,000 வாட் என்று எழுதியிருந்தாலும் 1,700-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். மைக்ரோவேவும் காபி மெஷினும் சேர்ந்து ஓடினால் டிரிப் ஆகும். சில ஜெனரேட்டர்களில் உயரத்துக்கென ஒரு குமிழ் உண்டு; போனதும் அதைத் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் கரும்புகை தள்ளும். வண்டிகள் நெருங்கி நிற்கும் இடமாதலால் புகைக்குழாய் யாருடைய ஜன்னலைப் பார்க்கிறது என்பது முக்கியம். கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கிளம்புமுன் சோதித்துவிடுங்கள்.

தண்ணீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் போதும். முதலில் நிறைவது குளித்த, கழுவிய தண்ணீர் சேரும் கிரே டேங்க்தான்; பாத்திரங்களைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினாலே ஒரு நாள் கூடுதலாக ஓட்டலாம். கழிவை உறிஞ்சும் லாரியும் தண்ணீர் லாரியும் கட்டணத்துக்கு வரும், ஆனால் டேங்க் முழுதாக நிறையும்வரை காத்திருக்க வேண்டாம்.

தெற்கே நிற்கும் வண்டிகளின் மேல், கீழ்க்காற்றில் வரும் பலூன்கள் தாழ்வாகப் போகும். டி.வி. ஆன்டெனாவை இறக்கிவிடுங்கள், கொடிக்கம்பம் நட வேண்டாம், டிரோன் கூடவே கூடாது. கூரையில் ஏறிப் பார்க்க ஆசை வரும். ரப்பர் கூரை பனியில் வழுக்கும். ஆள் நடக்கத் தாங்காத கூரைகளும் உண்டு. பலூன் பர்னர் சீறும் சத்தத்துக்கு நாய்கள் மிரளும் என்பதால் ஜன்னலை மூடி, ரேடியோவைப் போட்டு, உள்ளேயே வைப்பது நல்லது. காலையில் காற்று அசையாததைப் பார்த்து வண்டியின் பக்கவாட்டு நிழல் துணியான ஆனிங்கை விரித்துவிட்டுப் போகிறவர்கள் பிற்பகல் காற்றில் அதன் கைகள் முறிந்து கிடப்பதைப் பார்ப்பார்கள். வண்டியை விட்டுப் போகும்போதெல்லாம் சுருட்டிவிடுங்கள்.

காலை 6 மணி வாக்கில், இருட்டோடு ஏறும் 'டான் பேட்ரோல்' பலூன்கள்தான் மேல்காற்று எப்படி என்று மற்றவர்களுக்குக் காட்டுகின்றன. கூட்டமாக ஏறுவது 7 மணியளவில். பச்சைக் கொடி என்றால் பறப்பு உண்டு, மஞ்சள் காத்திருக்க, சிவப்பு ரத்து. தரைக்காற்றின் வேகம் 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) அளவை எட்டினால் சிவப்பைத்தான் எதிர்பார்க்க வேண்டும், அதனால் ஒரே ஒரு இரவுக்கு இடம் பிடிக்காதீர்கள், மூன்று இரவாவது இருக்கட்டும். மைதானத்தில் பலூன்களுக்கு நடுவே பார்வையாளர்களும் நடக்கலாம் என்பது இந்தத் திருவிழாவின் அரிய வாய்ப்பு. விரித்துக் கிடக்கும் துணியையும் கயிற்றையும் மிதிக்காதீர்கள், சிகரெட் பற்ற வைக்காதீர்கள். வரிக்குதிரைபோல் கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டை போட்டு பலூன்களைக் கிளப்பிவிடும் அலுவலர் விசில் ஊதினால், படம் எடுப்பதை அப்படியே நிறுத்திவிட்டு விலகுங்கள். உங்கள் பக்கத்துப் பலூன் கிளம்பப் போகிறது.