கல்பாத்தி வீட்டின் கூரையை மாற்றினோம்

கல்பாத்தியில் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டில், மூன்று வருஷத்துக்கு முன் ஆடி மழையில், இரண்டாங்கட்டு உத்தரம் உளுத்து ஓடு ஒரு சாண் இறங்கிவிட்டது. மழை நேராக அடுக்களைக்குள் கொட்டியது. நான் இருப்பது கோயம்புத்தூர். வாளையார் தாண்டினால் பாலக்காடு, இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் இறங்கினேன். பதினான்கு மாதம் ஆனது. இதே வேலையைத் தொடங்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும்.

கல்பாத்தி, கேரள அரசு பாரம்பரிய கிராமமாக அறிவித்த அக்ரஹாரம். 1425இல் எழுந்த விசுவநாதசுவாமி கோயிலையும் தேர் ஓடும் தெருக்களையும் ஒட்டி வரிசையாக வீடுகள். முகப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. நகராட்சியில் கொடுக்கும் மனு, கலை பாரம்பரியக் குழுவின் பார்வைக்கும் போகும். இது தெரிந்தும் முதல் தடவை தப்பு செய்தேன். அவசரத்தில் ஒரு இன்ஜினியரிடம் கொடுத்தேன். அவர் வீட்டுக்குள் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. திண்ணையை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த இடம், மேலே கான்கிரீட் தளம் என்று வரைந்து தந்தார். மனு திரும்பி வந்தது. ஐந்து மாதம் போச்சு. அன்று ஆத்திரமாக இருந்தது. ஆனால் திருப்பியதுதான் சரி, அதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

பக்கத்து ஆத்து மாமி அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தனிச் சுவர் இருப்பதாக வரைந்திருந்தது. “எங்காத்துச் சுவரும் உங்காத்துச் சுவரும் ஒண்ணாக்கும். நீ பாட்டுக்கு இடிச்சா நான் எங்க போவேன்?” என்றார். நாற்பது வருஷமாக வந்து போகிற வீடு, அது எனக்கு உறைக்கவே இல்லை.

அப்புறம் பழைய வீடுகளை மட்டும் செய்கிற ஒரு ஆர்க்கிடெக்ட் பெண் வந்தார். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கிணற்றடி வரை இரண்டு நாள் டேப் பிடித்து அளந்தார். ஒவ்வொரு சுவருக்கும் போட்டோ. முன்பக்கம் உள்ளபடியே இருக்கும், ஓட்டுக்கூரை ஓட்டுக்கூரையாகவே, பின்கட்டில் மட்டும் அடுக்களையும் குளியலறையும் புதிது என்று மனு எழுதினோம். ஆதாரம் என்கிற வீட்டுப் பத்திரம், கரம் (நிலவரி) கட்டிய ரசீது, வீடு எங்கள் கைவசம் இருக்கிறது என்பதற்கான பொஸெஷன் சர்டிஃபிகேட், மும்பை மாட்டுங்காவில் இருக்கும் அத்தை உட்பட எல்லாப் பங்குதாரர்களின் கையெழுத்து. யாரும் கேட்காமலேயே இரண்டு பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்தோம். இந்த முறை அனுமதி வந்துவிட்டது.

வேலை தொடங்கியதும் முதலில் ஓட்டை இறக்கினோம். அதிகமும் பழைய மங்களூர் ஓடு. சிலவற்றின் முதுகில், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ அமைப்பான பாசல் மிஷனின் முத்திரை தெளிவாக இருந்தது. அவர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த மேஸ்திரி ஒவ்வொன்றையும் கையில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினார். கணீரென்றால் ஒரு பக்கம், தொப்பென்றால் மறுபக்கம். நாலு நாள் இதே வேலை. புதிய ஓட்டின் பள்ளம் பழையதோடு சரியாகப் பொருந்தாது, கலந்து போட்டால் இடுக்கில் தண்ணீர் இறங்கும். அதனால் தெருப் பக்கச் சரிவுக்குப் பழையது, கொல்லைப் பக்கத்துக்குப் புதியது. போதாத பழைய ஓட்டை ஒலவக்கோட்டில், இடித்த வீட்டுச் சாமான் விற்கும் இடத்தில் வாங்கினோம்.

சுவருக்கு நான் சிமெண்ட் என்றேன். “வேண்டாங்க சார். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசுனா உள்ள இருக்கற ஈரம் வெளிய வராதுங்க. நாலு வருசத்துல உப்புப் பூத்துப் பேந்துரும்” என்றார் மேஸ்திரி. பொதுச் சுவர் வேறு, ஈரம் மாமி வீட்டுப் பக்கம் போகும். சரி என்று சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினோம். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது. தினமும் நனைக்க வேண்டும். செலவு நினைத்ததற்கு மேலே போனது. இப்படிப் பாதுகாக்கச் சொல்லும் தெருவில் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் பண உதவியும் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. கையில் காசில்லாமல் பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஐப்பசிக் கடைசியில் தேர். யானை பின்னாலிருந்து முட்டித் தள்ள, தேர் வாசலை ஒட்டித்தான் போகும். தெருவில் ஒரு கூடை மணல்கூட வைக்க முடியாது. சாரத்தைப் பிரித்துப் பத்து நாள் வேலையை நிறுத்தினோம். ஒப்பந்தம் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

போன இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் முற்றத்தில் மட்டும்தான் தண்ணீர் விழுந்தது. மீந்த பழைய ஓடு நூற்றுச் சொச்சம் கொல்லையில் அடுக்கியிருக்கிறோம். மாமி வீட்டுத் தாழ்வாரத்துக்கு அடுத்த மாசியில் போடப் போகிறோம்.