ஆறு ஜிபி எதுவரை தாங்கும்?

"புது லேப்டாப் வாங்கிவிடலாமா அண்ணா?" என்று அலுவலகத்துத் தம்பி ஒருவன் நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். அவன் லேப்டாப்பிலும் என் லேப்டாப்பிலும் இருப்பது ஒரே ரகக் கிராபிக்ஸ் சிப்: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, 2021இல் வந்தது. இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில்.

சிப் இன்னும் சளைக்கவில்லை. 1080பி திரையில் தரத்தை நடுத்தரமாக வைத்து டிஎல்எஸ்எஸ்ஸையும் (சிறிய படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கி வேகம் கூட்டும் வசதி) போட்டுவிட்டால் பெரும்பாலான கேம்கள் நன்றாகவே ஓடுகின்றன. முதலில் திணறுவது கிராபிக்ஸ் நினைவகம். மேசைக் கணினியின் 3060க்கு 12 ஜிபி கொடுத்தவர்கள், லேப்டாப்புக்கு 6 ஜிபியோடு கையை இழுத்துக்கொண்டார்கள். அதே பெயர், பாதிச் சரக்கு! டெக்ஸ்சரை, அதாவது சுவர், தரை மேல் ஒட்டும் படங்களின் நுணுக்கத்தை, உச்சத்தில் வைத்தால் கல் சுவர் வழவழவென்று மங்குகிறது. சட்டென்று திரும்பினால் படம் விக்குகிறது. ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும். ஆனால் 2025இல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' என்ற கேம் குறைந்தபட்சமே 8 ஜிபி கேட்கிறது. என் 6 ஜிபி அந்தக் கணக்கிலேயே வராது.

இன்னொன்று சூடு. பெங்களூரு குளிர்ந்த ஊராம். ஏப்ரலில் என் அறைக்கு வந்து பார்க்கட்டும். கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் தமிழ் பேசும் கடைக்காரர் ஒருவர் அடிமூடியைக் கழற்றினார். வெப்பத்தகடுகளின் இடுக்கில் தலையணைப் பஞ்சுபோல் தூசி. அதை ஊதித் தள்ளி, சிப்பின் சூட்டை வெப்பத்தகட்டுக்குக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினார். அதன்பிறகு விசிறியின் அலறல் அடங்கியது. வேகமும் நடுவில் சரிவதில்லை.

தம்பி கேட்கமாட்டான், வாங்கத்தான் போகிறான். 8 ஜிபிக்குக் குறையாமல் பார், சிப்புக்கு எத்தனை வாட் மின்சாரம் விட்டிருக்கிறார்கள் என்றும் விசாரி, வேகம் அதைப் பொறுத்தது என்று சொல்லியிருக்கிறேன். 3060 என்ற ஒரே பெயரில் 60 வாட்டும் விற்றார்கள், 115 வாட்டும் விற்றார்கள்.