தூக்கிப் போட்ட ஸ்லைடுகள்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், எலியின் தோல் செல்களில் ஒரு ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. லட்சக்கணக்கான செல்களை மொத்தமாகக் கரைத்து, ஆர்என்ஏவை, அதாவது ஜீன் வேலை செய்யும்போது உருவாகும் அதன் நகலை, பிரித்து, பிசிஆர் என்ற முறையில் பெருக்கி அளப்போம். கடைசியில் ஒரே ஒரு எண் வரும். மாவாக அரைத்த பிறகு எந்த அரிசி முழுசு, எது நொய் என்று யாரால் சொல்ல முடியும்? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் மைக்ரோஸ்கோப் வேலைக்கு மாறினேன். ஒளிரும் சின்னச் சின்ன டிஎன்ஏ துண்டுகளை ஒட்டவைத்தால், ஒவ்வொரு ஆர்என்ஏவும் ஒரு புள்ளியாக மின்னும். இருட்டறையில் உட்கார்ந்து எண்ண வேண்டும். ஒருநாள், அப்போதுதான் ஒரே செல் இரண்டாகப் பிரிந்து உருவான ஜோடி ஒன்று கண்ணில் பட்டது. ஒரு செல்லில் பன்னிரண்டு புள்ளிகள். ஒட்டிக் கிடந்த இன்னொன்றில் அறுபதைத் தாண்டியும் தீரவில்லை. ஒரே தட்டு, ஒரே சாப்பாடு, ஒரே டிஎன்ஏ. நான் கழுவியதில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, மூன்று வார ஸ்லைடுகளைத் தூக்கிப் போட்டேன். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

பிறகு ஒரே ஆர்என்ஏவில் சிவப்பு, பச்சை என்று இரண்டு நிறமும் ஒட்டிப் பார்த்தோம். சிவப்பு குறைந்த செல்லில் பச்சையும் குறைவு; சிவப்பு கூடியதில் பச்சையும் கூடுதல். கை வேலையில் பிசகு இல்லை, செல்களே அப்படித்தான்.

ஜீன் ஒரே சீராக ஓடுவதில்லை. திடீரென்று மளமளவென்று ஆர்என்ஏ கொட்டும், பிறகு அடங்கிவிடும். செல்லில் ஒரு ஜீனுக்கு இருப்பதே அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என இரண்டு பிரதிகள். எது எப்போது திறக்கும் என்பதில் தற்செயலுக்குப் பெரிய பங்கு. 2014இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிக்கருவின் செல்களைத் தனித்தனியாகப் பார்த்தபோது, 12 முதல் 24 சதவீத ஜீன்களில் ஒரு பிரதியின் ஆர்என்ஏ மட்டுமே தெரிந்தது.

இது வந்து போகும் தற்செயல். நிலைத்துவிடுவதும் உண்டு. பெண் பாலூட்டியின் ஒவ்வொரு செல்லும், கரு வளரும் தொடக்கத்திலேயே இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அடக்கிவிடுகிறது. எதை அடக்குவது என்பது பெரும்பாலும் குருட்டாம்போக்கு. ஆனால் அதிலிருந்து பிறக்கும் செல்களெல்லாம் அதையே பின்பற்றும். எலிகளின் ரோமத் திட்டுகளைப் பார்த்து 1961இல் இதைச் சொன்னவர் பிரிட்டிஷ் மரபியலாளர் மேரி லையன். 2001 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு மூவண்ணப் பூனையைக் குளோனிங் செய்தார்கள். பிறந்த குட்டி சிசியின் உடம்பில் ஆரஞ்சு நிறமே இல்லை. எடுத்த அந்த ஒரு செல்லில், ஆரஞ்சு ஜீன் இருந்த எக்ஸ் அடங்கிக் கிடந்திருக்கிறது. சிசியின் படத்தை என் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த மாணவி, “அக்கா, ஸ்லைடு வீணாப் போச்சு போல, ஒண்ணுக்கொண்ணு ஒத்தே வரல” என்று தயங்கி நின்றாள். இருட்டறைக்குக் கூட்டிப்போனேன். முதல் செல்லிலிருந்து இருவரும் எண்ணத் தொடங்கினோம்.