பேச்சுக்குக் காசில்லை என்றான பின் லாபம் எங்கிருந்து வருகிறது?

சென்னையில் 1995-இல் கைபேசிச் சேவை தொடங்கியபோது, நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே பணம் கொடுத்தோம். 2003 மே மாதத்தில்தான் அந்தச் சுமை நீங்கியது. அதன்பின் நிறுவனங்களுக்கு ஏறத்தாழச் செலவே இல்லாமல் காசு ஈட்டித் தந்தது குறுஞ்செய்தி. தீபாவளி, பொங்கல் நாள்களில் குறுஞ்செய்திச் சலுகை பேக் செல்லாது என்பதால் முதல் நாளே வாழ்த்து அனுப்பிவிடுவோம். வாட்ஸ்அப் பரவியதும் அந்த வருமானம் வற்றிப்போயிற்று.

2016 செப்டம்பரில் ஜியோ பேச்சை இலவசமாக்கியபோது, நிமிடத்தை எண்ணி விற்கும் வணிகமே முடிவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் வேரூன்றியிருந்த ஏர்செல், கடனும் போட்டியும் சேர்ந்து நெருக்க, 2018 பிப்ரவரியில் திவால் நடவடிக்கையை நாடியது. சிக்னல் போன கைபேசியுடன் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற அலைந்தவர்கள் இந்நகரில் ஏராளம்.

இன்று நாம் எவ்வளவு பார்க்கிறோம், எவ்வளவு பேசுகிறோம் என்பதைவிட, மாதந்தோறும் எவ்வளவு கட்டுகிறோம் என்பதே லாபத்தை முடிவு செய்கிறது. அலைக்கற்றைக்கும் கோபுரங்களுக்கும் கொட்டிய பணம் பெரும்பாலும் நிலையான செலவு என்பதால், கட்டணத்தில் ஏறும் ஒவ்வொரு ரூபாயிலும் பெரும்பகுதி லாபமாகவே தேங்குகிறது. 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை ஆகிய மூன்று உயர்வுகளின் பொருள் இதுதான். 28 நாள் கணக்கு வைத்ததால் ஆண்டுக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எண்ணைத் தக்கவைக்கக் குறைந்தபட்ச ரீசார்ஜ் கட்டாயம் என்று 2018 இறுதியில் வந்தபோது பலர் இரண்டாவது சிம்மைக் கைவிட்டார்கள். வாடிக்கையாளர் எண்ணிக்கை சரிந்தாலும், எஞ்சிய ஒவ்வொருவரிடமிருந்தும் நிறுவனங்களுக்குக் கிடைத்த சராசரி வருமானம் உயர்ந்தது.

என்னை உறுத்துவது வேறொன்று. டேட்டாவுக்குப் பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள் நாம்; அதற்கான விலையை மாறாதவர்களும் கட்டுகிறார்கள். பட்டன் போனில் பிள்ளைகளின் குரலை மட்டும் கேட்கும் மயிலாப்பூர் மூதாட்டியும், வீட்டு வைஃபை இருக்கும் ஓய்வூதியரும், தொடாத டேட்டாவுக்குப் பணம் செலுத்திவந்தனர். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் ஆணையிட்டது சரியான செயல். ஆனால் அடுத்த மாதமே வந்த திட்டங்கள் பெரும்பாலும் 84 நாளுக்கோ ஏறத்தாழ ஓராண்டுக்கோ மொத்தமாகப் பணம் கேட்டன. மாதக் கடைசியில் நூறு ரூபாயை எண்ணிப் பார்த்து எடுப்பவருக்கு ஒரு மாதத்துக்கான பேச்சுத் திட்டம்தான் தேவை. அதைக் கட்டாயமாக்குவதே டிராய் அடுத்துச் செய்ய வேண்டியது.